வீட்டோரம் ஒரு தேன்கூடு

களியக்காவிளை தமிழ்நாட்டின் எல்லை ஊர். அதைத் தாண்டினால் பாறசாலை. பாறசாலை கேரளத்தில் உள்ளது. இன்னும் சிறிது தூரம் போனால் நெய்யாற்றின்கரை. இந்தப் பக்கத்து ஊர்களில் தமிழும் பேசுவார்கள், மலையாளமும் பேசுவார்கள். இரண்டும் கலந்து பேசுவோரும் உண்டு.

1956 நவம்பர் 1 வரை இந்த ஊர்களுக்கு நடுவே எல்லை கிடையாது. விளவங்கோடு, கல்குளம், நெய்யாற்றின்கரை எல்லாம் ஒரே ஆட்சியின் கீழ்தான் இருந்தன. அன்றைய தினம் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நடுவே ஒரு சோதனைச்சாவடி வந்தது.

மனிதர்களுக்குத்தான் அந்த எல்லை. தேனீக்களுக்கு இல்லை. இந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தேன் எடுக்கும். அந்தப் பக்கம் தென்னம்பாளையில் மகரந்தம் எடுக்கும். மாலையில் தன் பெட்டிக்கே திரும்பி வந்துவிடும்.

இந்த ஊர்களில் தேனீ வளர்ப்பது பலருக்கு ஓய்வுநேர வேலை. ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியற்காலையில் வேலைக்குப் போவார்கள். முற்பகலில் வேலை முடிந்துவிடும். மீதி நேரத்தில் பெட்டியைப் பார்ப்பார்கள். ஆசிரியர்கள், தையல் வேலை செய்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வீட்டுப் பெண்கள் எல்லோரும் இதில் உண்டு. நாலு பேர் சேர்ந்து டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு தேனீயைப் பற்றித்தான். "உங்கள் பெட்டியில் ராணி எப்படி?" என்று ஒருவர் கேட்பார். "எறும்பு ஏறிவிட்டது அண்ணாச்சி" என்று இன்னொருவர் சொல்வார். அதற்கு வழி சொல்ல மூன்றாவது ஆள் இருப்பார்.

அப்படிப் பேசிப் பேசிப் பரவிய அறிவுதான் இது. அதை நாமும் தெரிந்துகொள்வோமா?

பெட்டி எப்படி வந்தது?

முன்பெல்லாம் தேன் வேண்டுமென்றால் காட்டுக்குப் போக வேண்டும். அகத்தியமலைப் பக்கம் வாழும் காணி மக்கள் தேன் எடுப்பதில் வல்லவர்கள். மற்றவர்கள் மரப்பொந்திலும் சுவர்ப்பொந்திலும் தேடுவார்கள். தீ வைத்துப் புகை போடுவார்கள். அடையைப் பிய்த்துப் பிழிவார்கள். தேனோடு புழுவும் சேர்ந்து நசுங்கும். கூடு அழியும். அடுத்த ஆண்டு அங்கே தேன் இருக்காது.

அழிக்காமல் தேன் எடுக்க வழி உண்டா? 1851-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லாங்ஸ்டிராத் என்பவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தேனீ இரண்டு அடைகளுக்கு நடுவே நடப்பதற்கு ஒரு சிறு சந்து விடுகிறது. அதன் அகலம் ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. சந்து அதைவிடப் பெரிதாக இருந்தால் அங்கே புது அடை கட்டும். மிகச் சிறிதாக இருந்தால் பிசின் வைத்து அடைக்கும். சரியான அளவில் இருந்தால் அதை வழியாக விட்டுவிடும்.

இதை வைத்து அவர் ஒரு பெட்டி செய்தார. பெட்டிக்குள் மரச்சட்டங்களைச் சரியான இடைவெளியில் தொங்கவிட்டார். தேனீ சட்டத்துக்குள் அடை கட்டியது. சட்டத்தைத் தனியே தூக்கிப் பார்க்க முடிந்தது. கூட்டைப் பிய்க்க வேண்டிய தேவை போயிற்று.

அமெரிக்கப் பெட்டி பெரியது. நம் நாட்டுத் தேனீ சிறியது. அதன் கூட்டமும் சிறியது. பெரிய பெட்டி அதற்குச் சரிவராது. 1910-க்குப் பிறகு நியூட்டன் என்ற பாதிரியார் தென்னிந்தியாவில் நம் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியைச் செய்தார். மரத்திலிருந்து ஆப்பிள் விழுவதைப் பார்த்ததாகச் சொல்வார்களே, அந்த நியூட்டன் வேறு. இவர் வேறு.

1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு மையம் வேலை செய்தது. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அதை நடத்தினார். ஏழைக் குடும்பங்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுப்பது அவர் நோக்கம். கோழி வளர்ப்பு, நெசவு ஆகியவற்றோடு தேனீ வளர்ப்பும் அங்கே கற்றுத்தரப்பட்டது. நிலம் இல்லாதவரும் இதைச் செய்யலாம். வீட்டு முற்றத்தில் ஒரு பெட்டி வைக்க இடம் இருந்தால் போதும். பிறகு தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் மார்த்தாண்டத்தில் அமைந்தது. அங்கிருந்து இந்தத் தொழில் சுற்று வட்டாரமெங்கும் பரவியது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அப்படித்தான் வந்தது. அப்போது எல்லாம் ஒரே நாடாக இருந்ததல்லவா?

மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, இந்தப் பெயர் இந்த மண்ணில் விளையும் தேனுக்கு மட்டுமே உரியது என்று சட்டம் சொல்கிறது.

தேனீயில் எத்தனை வகை?

நம் ஊரில் ஐந்து வகைத் தேனீக்களைப் பார்க்கலாம்.

மலைத் தேனீ பெரியது. உயர்ந்த மரத்திலும் பாறையிலும் ஒரே ஒரு பெரிய அடை கட்டும். கோபம் அதிகம். இதைப் பெட்டியில் வளர்க்க முடியாது.

கொம்புத் தேனீ சிறியது. செடிக் கொம்பில் கையளவு அடை கட்டும். இதையும் வளர்க்க முடியாது.

அடுக்குத் தேனீ பொந்துக்குள் பல அடைகளை அடுக்காகக் கட்டும். இருட்டை விரும்பும். இதுதான் பெட்டியில் வளர்க்க ஏற்ற நம் நாட்டுத் தேனீ.

கொசுத் தேனீ கொசுவைப் போல மிகச் சிறியது. கொட்டாது. சுவர்ப்பொந்தில் இருக்கும். மலையாளத்தில் இதைச் செறுதேனீ என்பார்கள். இதையும் வளர்க்கலாம்.

இத்தாலியத் தேனீ வெளிநாட்டிலிருந்து வந்தது. பெரிய பெட்டியில் வளர்ப்பார்கள்.

இந்த எல்லை ஊர்களில் பெரும்பாலும் வளர்ப்பது அடுக்குத் தேனீயும் கொசுத் தேனீயும்தான்.

கூட்டுக்குள் ஒரு குடும்பம்

ஒரு பெட்டிக்குள் பல ஆயிரம் தேனீக்கள் இருக்கும். அவற்றில் ராணி ஒன்றே ஒன்று. உடல் நீளமாக இருக்கும். முட்டை இடுவது மட்டுமே அதன் வேலை.

வேலைக்காரத் தேனீக்கள் எல்லாம் பெண்கள். ஆனால் முட்டை இடுவதில்லை. கூட்டைச் சுத்தம் செய்வது, புழுவுக்கு ஊட்டுவது, மெழுகு சுரந்து அடை கட்டுவது, வாசலைக் காப்பது, தேன் கொண்டு வருவது எல்லாம் இவற்றின் வேலை. இளம் வயதில் வீட்டுக்குள் வேலை. வயது ஏறினால் வெளியே வேலை. இவற்றின் ஆயுள் சில வாரங்கள்தான்.

ஆண் தேனீ கொஞ்சம் இருக்கும். ராணியோடு சேர்வதே அதன் வேலை. அதற்குக் கொடுக்கு கிடையாது.

எந்தத் திசையில் பூ இருக்கிறது என்று ஒரு தேனீ மற்றத் தேனீக்களுக்கு எப்படிச் சொல்கிறது? ஆடிக் காட்டுகிறது! அடையின் மேல் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும். எந்தப் பக்கம் பார்த்து நடக்கிறது என்பதில் திசை இருக்கிறது. எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதில் தூரம் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கார்ல் வான் ஃப்ரிஷ். 1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பூவில் இல்லாத தேன்

இந்த ஊர்களில் கிடைக்கும் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். ஆனால் அது ரப்பர் பூவிலிருந்து வருவதில்லை. இது பலருக்குத் தெரியாது.

ரப்பர் மரம் மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்க்கும். பிறகு செந்நிறத்தில் புது இலை விடும். ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலைகள் இருக்கும். அந்த மூன்றும் சேரும் இடத்தில் சிறிய சுரப்பி உண்டு. தளிர் முற்றும் நாட்களில் அதிலிருந்து இனிப்பு நீர் கசியும். தேனீ அதைத்தான் உறிஞ்சி வருகிறது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை தேன் காலம். அந்த நாட்களில் குமரி மாவட்டத்துத் தேனீ வளர்ப்போர் தங்கள் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டு போவார்கள். பகலில் பெட்டியை நகர்த்தக் கூடாது. வெளியே போன தேனீக்கள் வீடு இல்லாமல் தவிக்கும். மாலையில் எல்லாம் திரும்பிய பிறகு வாசலை வலையால் மூடி, இரவில் கொண்டு போவார்கள்.

ரப்பர் தேன் தரும். ஆனால் அந்தச் சுரப்பியில் மகரந்தம் கிடையாது. மகரந்தம்தான் தேனீப் புழுவின் உணவு. நமக்குச் சோறு மட்டும் போதுமா? பருப்பும் வேண்டுமல்லவா? அதுபோலத்தான். தென்னை, முருங்கை, புளி, தும்பை, துளசி, தொட்டாற்சுருங்கி எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு புல்கூட விடாமல் மருந்து அடித்துச் சுத்தம் செய்தால் தேனீக்குப் பட்டினிதான்.

பெட்டியை எங்கே வைப்பது?

நிழல் வேண்டும். காலை வெயில் கொஞ்சம் படலாம். உச்சி வெயில் படக் கூடாது. தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. மாடு கட்டும் இடமும் குழந்தைகள் விளையாடும் இடமும் ஆகாது. பெட்டியின் வாசலுக்கு நேராக மனிதர் நடக்கும் பாதை இருக்கக் கூடாது.

பெட்டியை ஒரு காலின் மேல் நிறுத்த வேண்டும். காலைச் சுற்றி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்போதுதான் எறும்பு ஏறாது. தண்ணீர் வற்றினால் அன்றைக்கே எறும்பு வந்துவிடும். ஒரே இரவில் கூட்டம் ஓடிவிடும். சுற்றியுள்ள செடியின் கிளை பெட்டியைத் தொட்டாலும் எறும்புக்கு அது பாலம்தான். அதை வெட்டிவிட வேண்டும்.

பெட்டியில் இரண்டு அறைகள் உண்டு. கீழ் அறையில் ராணி முட்டை இடும். புழுக்கள் வளரும். மேல் அறையில் தேன் சேரும். நாம் மேல் அறைத் தேனை மட்டுமே எடுக்க வேண்டும். கீழ் அறை தேனீயின் குழந்தைகள் வாழும் இடம். அதில் உள்ள தேன் அவற்றின் சாப்பாடு.

பெட்டியைத் திறப்பது எப்படி?

வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். தினமும் திறந்தால் தேனீ வெறுத்துப் போகும். மழையிலும் கடும் காற்றிலும் திறக்கக் கூடாது. வாசனை எண்ணெய், சென்ட், மல்லிகைப் பூ வேண்டாம். கறுப்பு உடை வேண்டாம். வெளிர் நிற உடை நல்லது. முகத்துக்கு வலை போட்டுக்கொள்ள வேண்டும்.

புகைப்பானில் தேங்காய் நாரைப் போட்டுப் பற்ற வைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை மெதுவாகப் புகை விட்டால் போதும். தேனீ அடங்கும். அதிகப் புகை தேனைக் கெடுக்கும்.

பெட்டிக்குப் பின்னால் அல்லது பக்கத்தில் நிற்க வேண்டும். வாசலை மறிக்கக் கூடாது. சட்டத்தை நேராகத் தூக்க வேண்டும். இடிக்கக் கூடாது. "மக்ளே, அவசரப்பட்டால் அதுவும் அவசரப்படும்" என்று பழகிய பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியான பேச்சு.

என்ன பார்க்க வேண்டும்? முட்டை இருக்கிறதா? முட்டை இருந்தால் ராணி இருக்கிறது என்று பொருள். ராணியைத் தேடி அலைய வேண்டாம். புழு வெள்ளையாக, வளைந்து, பளபளப்பாக இருக்கிறதா? தேன் இருப்பு உண்டா? பழைய கறுத்த அடையில் மெழுகு அந்துப்பூச்சியின் நூல் தெரிகிறதா? அப்படித் தெரிந்தால் அந்த அடையை எடுத்துவிட வேண்டும். அடித்தட்டில் சேரும் குப்பையைத் துடைக்க வேண்டும்.

கொட்டிவிட்டால்?

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். அதன் நுனியில் ஒரு சிறு விஷப்பை இருக்கும். உடனே நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். தாமதம் செய்தால் விஷம் மேலும் இறங்கும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கலாம். வீக்கமும் அரிப்பும் ஓரிரு நாளில் வடியும்.

சிலருக்கு மட்டும் இது ஆபத்து. மூச்சுத் திணறும். உதடும் நாக்கும் வீங்கும். உடம்பெல்லாம் தடிப்பு வரும். மயக்கம் வரும். அப்படி வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஒரு முறை இப்படி வந்தவர் தேனீப் பெட்டி பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

பஞ்ச காலம்

தேனீக்கும் பஞ்ச காலம் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்டு, செப்டம்பர் வரை விடாத மழை. வெளியே போக முடியாது. போனாலும் பூவில் தேன் இருக்காது. இந்த நேரத்தில்தான் பலருடைய பெட்டி காலியாகிறது. தேன் காலத்தில் கடைசிச் சொட்டு வரை எடுத்துவிட்டு, மழைக் காலத்தில் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் கூட்டம் பட்டினி கிடக்கும். அல்லது ஓடிவிடும்.

சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் எடுத்துக் காய்ச்சி ஆற வைக்க வேண்டும். சிரட்டையில் ஊற்றி, அதில் இரண்டு குச்சிகளைப் போட வேண்டும். குச்சி இல்லாவிட்டால் தேனீ வழுக்கி விழுந்து சாகும். மாலையில் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வெளியே சிந்தக் கூடாது. சிந்தினால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். சண்டையில் இரண்டு பக்கமும் சாகும்.

தேன் காலம் தொடங்கும் முன்பே சர்க்கரைப் பாகை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தேனோடு கலந்துவிடும். வாங்குகிறவருக்கு நாம் சர்க்கரையை விற்றதாக ஆகும்.

ஒன்றை இரண்டாக்குவது

மழை ஓய்ந்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூட்டம் பெருகும். இடம் போதாமல் போனால் தேனீ தானே பிரிந்து போகும். பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு பறந்துவிடும். அதற்கு முன் நாமே பிரித்துக்கொள்ளலாம்.

அடையின் கீழ் ஓரத்தில் விரல் நுனி போலத் தொங்கும் அறை தெரிந்தால் அது ராணி அறை. ராணி அறையும் முற்றிய புழுவும் உள்ள சட்டங்களில் பாதியைத் தேனீக்களோடு புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். பழைய ராணி ஒரு பெட்டியில். ராணி அறை மற்றொரு பெட்டியில். முதலில் பெட்டி இருந்த இடத்தின் இரு பக்கமும் சம தூரத்தில் இரண்டையும் வைக்க வேண்டும். வெளியே போன தேனீக்கள் திரும்பி வந்து இரண்டிலும் பிரிந்து ஏறும். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம்.

புது ராணி வெளிவந்து, ஆணோடு சேர்ந்து, முட்டை இடத் தொடங்கக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை அந்தப் பெட்டியைத் தொந்தரவு செய்யக் கூடாது.

எல்லாப் பெட்டியும் காலியான ஆண்டு

1991, 1992 ஆண்டுகளில் இந்த நாட்டில் ஒரு பெரிய அழிவு நடந்தது. தேனீப் புழுக்களுக்கு ஒரு கொள்ளை நோய் வந்தது. தாய் சாக்புரூட் என்பது அதன் பெயர். முதலில் தாய்லாந்தில் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர். இது ஒரு வைரஸ் நோய். மனிதருக்கு இது வராது. தேனுக்கும் இதனால் கேடு இல்லை.

நோய் வந்த புழு அறைக்குள் மல்லாந்து கிடக்கும். தலை நுனி படகு போல மேலே வளைந்திருக்கும். ஊசியால் தூக்கினால் தண்ணீர் நிறைந்த பை போல வரும். அடுத்த தலைமுறை இல்லாமல் போகும். மிச்சம் உள்ள தேனீக்கள் கூட்டை விட்டு ஓடும்.

குமரி மாவட்டத்திலும் தெற்குக் கேரளத்திலும் வளர்த்த அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. வீட்டு முற்றமெல்லாம் வெறும் பெட்டி. தேனை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு வேலை தேடின.

மருந்து கிடையாது. இன்றும் இதற்கு நேரடி மருந்து இல்லை. பிறகு எப்படித் தேனீ திரும்பி வந்தது? எல்லாக் கூட்டமும் சாகவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பிழைத்தன. நோயைத் தாங்கும் சக்தி அவற்றுக்கு இருந்தது. அந்தக் கூட்டங்களைத் தேடிப் பிரித்துப் பெருக்கினார்கள். பிழைத்ததன் பிள்ளைகள் அடுத்த ஆண்டும் பிழைத்தன. இப்படித்தான் பெட்டிகள் மறுபடி நிறைந்தன.

நோய் இன்னும் முழுவதும் போகவில்லை. இடையிடையே தலை காட்டும். எனவே சில பாடங்களை மறக்கக் கூடாது.

நோய் கண்ட பெட்டியின் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றக் கூடாது. அந்தப் பெட்டியைத் தொட்ட கையையும் கத்தியையும் கழுவ வேண்டும். கூட்டத்தைப் பலமாக வைக்க வேண்டும். பட்டினி போடக் கூடாது. நன்றாக இருக்கும் கூட்டத்திலிருந்துதான் புதிய கூட்டம் பிரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் வந்ததை மறைக்கக் கூடாது. "பெட்டி விலை போகாதே" என்று மறைத்து ஒருவர் விற்றால், வாங்கியவர் ஊரில் உள்ள எல்லாப் பெட்டியும் சாகும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது வெட்கம் அல்ல. அதுதான் ஊருக்குச் செய்யும் காவல்.

தேன் எடுப்பது

அடையில் தேன் நிறைந்ததும் தேனீ அதை மெழுகால் மூடும். நாலில் மூன்று பங்கு அறைகள் மூடிய பிறகே தேன் எடுக்க வேண்டும். மூடாத தேனில் நீர் அதிகம். அது புளித்து நுரைக்கும். ரப்பர் தேனில் இயல்பாகவே நீர் சற்று அதிகம். எனவே இதில் இன்னும் கவனம் வேண்டும்.

மெழுகு மூடியைக் கத்தியால் சீவ வேண்டும். சட்டங்களைத் தேன் எடுக்கும் கருவியில் வைத்துச் சுற்ற வேண்டும். தேன் தெறித்து வெளியே வரும். அடை உடையாது. அதைத் திரும்பப் பெட்டியில் வைக்கலாம். தேனீ மறுபடி அதிலேயே தேன் நிரப்பும். ஒரு கிலோ மெழுகு உண்டாக்கத் தேனீ பல கிலோ தேனைச் செலவு செய்கிறது. அடையைப் பிழிந்து எறிந்தால் நட்டம் நமக்குத்தான்.

எவ்வளவு தேன் கிடைக்கும்? நன்றாகப் பார்த்தால் ஒரு அடுக்குத் தேனீப் பெட்டியில் ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ எதிர்பார்க்கலாம். இடத்தையும் கவனிப்பையும் பொறுத்துக் கூடும், குறையும்.

எடுத்த தேனைத் துணியில் வடிகட்டி, ஈரம் இல்லாத கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி வைக்க வேண்டும். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

கொசுத் தேனீ வளர்ப்பு

தேனீ கொட்டும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஏற்றது கொசுத் தேனீ. வயதானவர்களும் இதை வளர்க்கலாம். மூங்கிலை நெடுக இரண்டாகப் பிளந்து, சேர்த்துக் கட்டினால் அதுவே கூடு. மண்பானை, சிரட்டை, சிறு மரப்பெட்டி எல்லாம் பயன்படும்.

இது அடை கட்டாது. மெழுகும் பிசினும் கலந்து சிறு சிறு குடங்கள் கட்டும். அதில் தேனை நிறைக்கும். மூங்கிலைத் திறந்து, ஒரு ஓரத்தில் உள்ள தேன் குடங்களை மட்டும் எடுக்க வேண்டும். முட்டைக் கொத்தைத் தொடக் கூடாது. ஒரு கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ தேன் கிடைத்தாலே அதிகம். ஆனால் அதற்கு விலை அதிகம். பாகற்காய், வெள்ளரி போன்ற காய்கறித் தோட்டத்தில் காய் நன்றாகப் பிடிக்கவும் தேனீக்கள் உதவும்.

சுவருக்குள் உள்ள கூட்டை எடுக்கச் சுவரை இடிக்க வேண்டாம். கூட்டின் வாசலில் ஒரு குழாயைப் பொருத்தி, மறுமுனையை வெறும் பானைக்குள் விட வேண்டும். பானையின் மறுபக்கம் ஒரு சிறு துளை. தேனீ பானை வழியாகப் போய் வரும். சில மாதங்களில் பானைக்குள்ளும் கூடு கட்டத் தொடங்கும். பொறுமை இருந்தால் போதும்.

தேனைப் பற்றிச் சில தவறான எண்ணங்கள்

"தேன் உறைந்தால் அது கலப்படம்." இது தவறு. சுத்தமான தேனும் உறையும். ரப்பர் தேன் விரைவில் உறையும். பாட்டிலை இளஞ்சூட்டு நீரில் வைத்தால் இளகிவிடும்.

"தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போனால் நல்ல தேன்." இதையும் நம்ப முடியாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் அடியில்தான் போகும். தீக்குச்சியில் தடவிப் பற்ற வைப்பதும் அப்படித்தான். ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் உண்மை தெரியும். தெரிந்தவரிடம், பெட்டி வைத்திருப்பவரிடம் நேரில் வாங்குவது நல்லது.

"பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கலாம்." கூடவே கூடாது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் அது வளர்ந்து விஷம் உண்டாக்கும். உயிருக்கே ஆபத்து.

எங்கே கற்றுக்கொள்ளலாம்?

கேரளத்தில் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் கிருஷி பவன் உண்டு. முதலில் அங்கே கேளுங்கள். திருவனந்தபுரம் வெள்ளாயணி விவசாயக் கல்லூரியில் தேனீ ஆராய்ச்சி நடக்கிறது. ரப்பர் போர்டும் ஹார்ட்டிகார்ப்பும் தேனீ வளர்ப்பை ஊக்குவிக்கின்றன. தமிழ்நாட்டுப் பக்கத்தில் மார்த்தாண்டம் இருக்கிறது.

ஆனால் முதல் பள்ளிக்கூடம் பக்கத்து வீடுதான். ஊரில் பெட்டி வைத்திருப்பவரோடு ஓர் ஆண்டு கூடவே இருந்து பாருங்கள். மழைக் காலத்தையும் பாருங்கள், தேன் காலத்தையும் பாருங்கள். பிறகு இரண்டு பெட்டிகளோடு தொடங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் பெட்டியைத் திறந்தோம், என்ன பார்த்தோம், எவ்வளவு தேன் எடுத்தோம் என்று எழுதுங்கள். இப்போதுதான் உங்களுக்கு எழுதத் தெரியுமே! அடுத்த ஆண்டு அந்த நோட்டே உங்களுக்கு வழி சொல்லும்.

மே 20 உலகத் தேனீ நாள். 1734-இல் அதே நாளில் பிறந்த அன்டோன் யான்ஷா என்ற ஐரோப்பியத் தேனீ ஆசிரியரின் நினைவாக ஐக்கிய நாடுகள் சபை அதை அறிவித்தது. அவரும் ஒரு விவசாயியின் மகன்தான்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டைச் சுற்றித் தேனீக்கு உணவாகும் எந்தெந்த மரம், செடிகள் உள்ளன? பட்டியல் எழுதுங்கள்.
2. எந்த மாதங்களில் தேனீக்குப் பஞ்சம்? அப்போது என்ன செய்ய வேண்டும்?
3. நோய் வந்த பெட்டியை ஒருவர் மறைத்து விற்றால் ஊருக்கு என்ன நட்டம்?
4. ஒரு வயது முடியாத குழந்தைக்கு ஏன் தேன் கொடுக்கக் கூடாது? இதை உங்கள் தெருவில் எத்தனை பேருக்குச் சொல்வீர்கள்?